எழுத்தடுக்குப் புதிர்களும் மறைத்து வைத்த விடையும்: பெங்களூரு வரலாற்றில் இரு நிகழ்வுகள்

1. முன்னுரை

இந்திய நாடாளுமன்றம் 1955ஆம் ஆண்டில் இயற்றிய பரிசுப் போட்டிகள் சட்டத்தில் (42ஆம் எண் சட்டம்) மொழியியலார் கருத்தில் கொள்ளத்தக்க வரையறை ஒன்று உள்ளது. எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ கட்டியமைத்தல், வரிசைப்படுத்தல், ஒன்றுசேர்த்தல், இடம்மாற்றி அடுக்குதல் என்பவற்றை அடிப்படையாகக் கொண்ட புதிர் எதற்கும் விடை காண்போருக்குப் பரிசு தருவதாக அறிவிக்கப்படும் போட்டியே 'பரிசுப் போட்டி' என்பது அவ்வரையறையின் பொருள். குறுக்கெழுத்துப் போட்டி, விடுபட்ட சொல் போட்டி, படப் போட்டி என எப்பெயரால் அழைக்கப்படினும் அது இவ்வரையறையுள் அடங்கும்.

இவ்வரையறையில் இடம்பெறும் நான்கு செயல்களும் ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவர்க்குரிய பயிற்சி நூல்களிலும் காணப்படுவனவே. எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்குதல், கலைந்த எழுத்துகளை முறைப்படுத்துதல், ஒரு சொல்லின் எழுத்துகளைக் கொண்டு வேறு சொற்கள் அமைத்தல் ஆகியவை தொடக்க வகுப்புகளின் வழக்கமான பயிற்சிகள். வகுப்பறையில் கல்வி எனப்படும் ஒரு செயல், சட்ட நூலில் கட்டுப்படுத்தப்பட வேண்டிய செயலாக இடம்பெற்றது ஏன் என்னும் வினா இங்கு எழுகிறது. இவ்வினாவுக்கு விடை காண உதவும் இரு நிகழ்வுகள் பெங்களூரு நகரின் வரலாற்றில் உள்ளன. ஒன்று, அந்நகரிலிருந்து வெளிவந்த ஆங்கில வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டி தொடர்பாக 1957இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. மற்றொன்று, 1979 முதல் 1984 வரை நடைபெற்ற ஆங்கிலக் கற்பித்தல் திட்டம். இவ்விரண்டையும் இணைத்து நோக்கி, புதிரின் விடையை மொழி முடிவு செய்கிறதா, மொழிக்குப் புறத்தே நிற்கும் ஒருவர் முடிவு செய்கிறாரா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோடிகள்

எழுத்துகளைக் கொண்டு ஆடும் ஆங்கில விளையாட்டுகள் அச்சிதழ்களின் வளர்ச்சியோடு பரவின. 1879இல் லூயிஸ் கரோல் 'வேனிட்டி ஃபேர்' இதழில் 'டப்லெட்ஸ்' என்னும் விளையாட்டை அறிமுகப்படுத்தினார். ஒரு சொல்லில் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, இடையில் வரும் ஒவ்வொன்றும் பொருளுடைய சொல்லாகவே இருக்குமாறு மற்றொரு சொல்லை அடைதல் இதன் விதி. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டப் புதிரே இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இவ்விரண்டிலும் விடை சரியா என்பதை எவரும் அகராதி கொண்டு சோதிக்கலாம்.

இவற்றின் அருகிலேயே வேறொரு வகையும் தோன்றியது. 1890களின் தொடக்கத்தில் 'பியர்சன்ஸ் வீக்லி' என்னும் இலண்டன் வார இதழ் விடுபட்ட சொல் போட்டியை நடத்தியது. ஒரு தொடரின் இறுதிச் சொல் மட்டும் நீக்கப்பட்டிருக்கும். போட்டியாளர் ஒரு ஷில்லிங் கட்டணத்துடன் தாம் எண்ணும் சொல்லை எழுதி அனுப்ப வேண்டும். சரியான சொல் முன்கூட்டியே உறையிலிட்டு முத்திரையிடப்பட்டிருக்கும். அவ்விடத்தில் பொருந்தக்கூடிய சொற்கள் பலவாக இருந்தன. உறைக்குள் இருந்ததோ ஒன்று. இது குலுக்கலே என 1893இல் ஆங்கில நீதிமன்றம் முடிவு செய்தது. 1936இல் குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றைப் பற்றிய வழக்கிலும் இதே நோக்கு மேற்கொள்ளப்பட்டது. இந்தியச் சட்டத்தின் வரையறையில் 'விடுபட்ட சொல் போட்டி' என்னும் தொடர் இடம்பெற்றமைக்கு இவ்வரலாறே பின்புலம் எனலாம்.

3. பெங்களூரின் குறுக்கெழுத்துப் போட்டி

அன்றைய மைசூர் மாநிலத்தின் பெங்களூர் நகரில் 'தி ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்னும் ஆங்கில வார இதழ் அச்சிடப்பட்டு வெளிவந்தது. 'ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்து' எனப்பட்ட பரிசுப் போட்டி இவ்விதழின் வாயிலாக நடத்தப்பட்டது. இதனை நடத்திய ஆர்.எம்.டி.சி. (மைசூர்) நிறுவனத்தின் நிறுவனரும் நிருவாக இயக்குநருமாக இருந்தவர் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா. இவ்விதழ் மைசூர் மாநிலத்துக்கு வெளியிலும், குறிப்பாகப் பம்பாய் மாநிலத்திலும் மிகுதியாகப் பரவியிருந்தது. பல ஊர்களில் அமைந்த முகவர்களும் சேகரிப்பு நிலையங்களும் விடைத்தாள்களையும் நுழைவுக் கட்டணத்தையும் திரட்டிப் பெங்களூரிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்பின.

பம்பாய் அரசு 1948இல் குலுக்கல்களையும் பரிசுப் போட்டிகளையும் கட்டுப்படுத்தி வரி விதிக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது. மாநிலத்துக்கு வெளியே அச்சாகும் இதழ்களின் வழியாக நடக்கும் போட்டிகளையும் உள்ளடக்குமாறு 1952இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதனை எதிர்த்துப் பெங்களூர் நிறுவனத்தார் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினர். இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் செல்வதற்கிடையில் மேலே குறிப்பிட்ட 1955ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆந்திரம், பம்பாய், சென்னை, உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் சட்டமன்றங்கள் நிறைவேற்றிய தீர்மானங்களின் அடிப்படையில் எழுந்த அச்சட்டம் 1956 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்தில் வழங்கப்படும் பரிசுகளின் மொத்த மதிப்பு 1000 ரூபாயைக் கடத்தல் ஆகாது. ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் 2000க்கு மேற்படல் ஆகாது. இவ்வரம்புக்கு உட்பட்ட போட்டிக்கும் உரிமம் வேண்டும் என அது வரையறுத்தது. பெரும் பரிசுகளையும் பெருந்திரளான விடைத்தாள்களையும் நம்பி நடந்த போட்டிகளுக்கு இவ்வரம்புகள் முற்றுப்புள்ளியாக அமையத்தக்கவை. எனவே இச்சட்டத்தையும் எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது.

4. 1957ஆம் ஆண்டுத் தீர்ப்புகள்

இரு வழக்குகளிலும் 1957 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பம்பாய் வழக்கின் தீர்ப்பைத் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதினார். போட்டியாளரின் விடை முன்னரே முடிவு செய்து வைக்கப்பட்ட விடையோடு ஒத்துப்போவதே வெற்றி என்னும்போது, அவ்வெற்றி சொல்லறிவைவிட வாய்ப்பையே சார்ந்ததாகிறது. இத்தகைய போட்டி சூதின் இயல்புடையது. சூது வணிகம் ஆகாது. ஆதலின் வணிக உரிமைக்கு அரசியலமைப்பு தரும் பாதுகாப்பை அது கோர இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

நடுவணரசுச் சட்டம் பற்றிய வழக்கின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் வல்லுநராகவும் அறியப்பட்டவர் இவர். சட்டத்தின் வரையறையை அதன் சொற்பொருள் அளவில் கொண்டால் எழுத்துப் புதிர் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும். திறனை வேண்டும் போட்டியும் வாய்ப்பை நம்பும் போட்டியும் ஒன்றாகிவிடும் என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் அவ்வரையறையைத் தனித்து நோக்கவில்லை. சட்டம் தோன்றிய வரலாறு, அது நீக்க முற்பட்ட தீங்கு, அதன் பிற பிரிவுகள் ஆகியவற்றோடு பொருத்தி, சூதின் இயல்புடைய போட்டிகளை மட்டுமே அது குறிக்கும் எனப் பொருள் கொண்டது. வெற்றி பெரிதும் திறனைச் சார்ந்திருக்கும் போட்டி இதற்குள் வாராது. சொல்லின் பொருளை இடம் சுருக்கும் என்பது மொழியியலார்க்குப் புதிதன்று. எழுத்து, சொல் ஆகியவற்றையே பொருளாகக் கொண்ட ஒரு வரையறைக்கு அவ்விதி பயன்படுத்தப்பட்டமை இங்கு நோக்கத்தக்கது.

இத்தீர்ப்புகள் உணர்த்தும் வேறுபாட்டைத் தமிழ் எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். 'நல்ல மாணவனிடம் ஆசிரியர் எதிர்பார்ப்பது' என்பது குறிப்பு. மூன்று கட்டங்களுள் முதற்கட்டம் வெற்றிடம், பின்னிரண்டில் 'ணிவு' என்பது தரப்பட்டுள்ளது எனக் கொள்வோம். 'பணிவு' என்பதும் பொருந்தும். 'துணிவு' என்பதும் பொருந்தும். தமிழ் நன்கறிந்தவரும் இவற்றுள் ஒன்றை விலக்க இயலாது. இத்தகைய குறிப்புகள் பத்து அடுத்தடுத்து வருமாயின் விடைத் தொகுதிகள் 1024 ஆகும். அவற்றுள் ஒன்றே உறைக்குள் இருக்கும். புலவரும் பாமரரும் அவ்விடத்தில் ஒரே நிலையினர். மொழியறிவு இரு சொற்களின் வாயில் வரை கொண்டு சென்று நின்றுவிடுகிறது. அதற்கப்பால் முடிவு செய்வது மொழிக்குப் புறத்ததாகிய ஒன்று.

5. எழுத்தடுக்கின் மொழியியல்

எழுத்துகளை இடம்மாற்றி அடுக்கும் புதிர் இதனின் வேறுபட்டது. ஓ, டபிள்யூ, என் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை ஆறு வகையாக அடுக்கலாம். அவற்றுள் மூன்று சொற்களாகின்றன: 'ஓன்' (சொந்தமான), 'வன்' (வென்றான்), 'நவ்' (இப்பொழுது). ஏனைய மூன்றும் சொற்களல்ல. இதனை முடிவு செய்வது ஆங்கில மொழியே. ஏ, ஆர், எம் என்பனவும் அவ்வாறே ஆறனுள் மூன்று சொற்களைத் தரும்: 'ஆர்ம்' (கை), 'ராம்' (செம்மறிக் கடா), 'மார்' (கெடுத்தல்).

முதல் எடுத்துக்காட்டில் மற்றொரு செய்தியும் உண்டு. 'ஓ' என்னும் ஓரெழுத்து மூன்று சொற்களிலும் மூன்று வேறு ஒலிகளைப் பெறுகிறது. கன்னடமோ தமிழோ எழுதப் பழகிய சிறுவர் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்னும் எண்ணத்துடன் ஆங்கிலத்துக்கு வருகின்றனர். இடம் மாறினால் ஒலியும் மாறும் என்பதை விதியாகச் சொல்லுவதினும் இத்தகைய அடுக்கு எளிதாகக் காட்டிவிடுகிறது.

புதிரின் அலகு எது என்பது அடுத்த சிக்கல். ஆங்கிலத்தில் உயிரும் மெய்யும் தனித்தனியே நிற்பதால் ஒவ்வோர் எழுத்தையும் தனியே பெயர்க்க முடியும். கன்னடத்திலும் தமிழிலும் உயிர்மெய் பிரியாத ஓரலகாக எழுதப்படுகிறது. இவ்விரு மொழிகளும் இதில் முற்றிலும் ஒத்தவையும் அல்ல. தமிழில் 'அப்பா' என்பது அ, ப், பா என மூன்று கட்டங்களைப் பெறும். கன்னடத்தின் 'அப்ப' என்னும் சொல்லோ இரண்டே கட்டங்களில் அடங்கும். இரட்டித்த மெய் அங்கு ஒத்தெழுத்தாகி ஒரே அட்சரமாக அமைகிறது. பெங்களூருவில் கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் அருகருகே வழங்குவதால், ஒரே வகுப்பில் உள்ள சிறுவர் 'எழுத்து' என்ற சொல்லால் மூன்று வேறு அலகுகளை எண்ணக்கூடும்.

தமிழில் 'நகரம்' என்பதன் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'நரகம்' கிடைக்கும். கன்னடத்தில் இது நிகழாது. 'நகர' என்பதன் இடையெழுத்தும் 'நரக' என்பதன் இறுதியெழுத்தும் அங்கு வேறு வேறு வரிவடிவங்கள். தமிழில் ஒரே ககரம் இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால்தான் இப்புதிர் அமைகிறது. 'நகரம்' என்னும் சொல்லின் நான்கு எழுத்துகளை 24 வகையாக அடுக்கலாம். ரகரமும் புள்ளி பெற்ற மெய்யும் மொழிமுதல் வாரா என்பது தொல்காப்பிய மொழிமரபு கூறும் நெறி. அதன்படி 12 அடுக்குகள் அகராதியைப் பாராமலே நீங்கிவிடும். மொழி முதல், மொழி இறுதி பற்றிய பழைய இலக்கண வரையறைகள் புதிர் விடுவிப்போர்க்கு இன்றும் பயன்படுவன என்பது இதனால் தெளிவாகும்.

எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் ஆடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் எழுத்து வருத்தனம் எழுத்துகளைப் படிப்படியாகக் கூட்டிப் புதுப்பொருள் தருவது. அக்கரச் சுதகம் அவற்றைப் படிப்படியாக நீக்கிப் புதுப்பொருள் தருவது. மாலைமாற்று இறுதியிலிருந்து திருப்பிப் படிப்பினும் அதுவே ஆவது. எனினும் இவை மொழியில் தேர்ந்தவர்க்குரிய அருஞ்செயல்களாகக் கருதப்பட்டன. தொடக்க நிலையினர்க்கு உரிய பயிற்சியாக அவை வைக்கப்படவில்லை.

இங்கு ஒரு கலைச்சொற் குழப்பத்தையும் சுட்ட வேண்டும். பயிற்சி நூல்கள் எழுத்துகளைக் கோத்தலையும் 'சொல்லாக்கம்' என்றே கூறுகின்றன. நன்னூல் பதவியல் காட்டும் பகுதி, விகுதி முதலிய உறுப்புகளால் சொல் அமைவது வேறு. எழுத்துகள் நிரல்பட நின்று சொல் அமைவது வேறு. ஆங்கிலத்தில் 'ஃபார்மர்' (உழவர்) என்பதும் 'ரிவர்' (ஆறு) என்பதும் ஈ, ஆர் என்னும் இரண்டு எழுத்துகளில் முடிகின்றன. முன்னதில் அவ்விரண்டும் விகுதி. பின்னதில் வெறும் எழுத்துகள். தமிழில் 'நடிகர்' என்பதன் இறுதியும் 'மலர்' என்பதன் இறுதியும் இத்தகையனவே. எழுத்தடுக்குப் புதிர் இவ்வேறுபாட்டை ஒருபோதும் கற்பிக்காது. அது கற்பிப்பது எழுத்துக்கூட்டல் ஒன்றையே. ஆதலின் அதனை 'எழுத்துக்கோவை' என்றும், உறுப்புகளால் அமைவதைச் 'சொல்லாக்கம்' என்றும் வேறுபடுத்தி வழங்குதல் தகும்.

6. பெங்களூர்த் திட்டம்

தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் 1963இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. இந்நிறுவனத்தின் துணையோடும் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலின் சார்பிலும் என்.எஸ். பிரபு 1979இல் ஒரு கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கினார். பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளிகளில் 1984 வரை நடந்த இது, உலக மொழிக்கல்வி வரலாற்றில் 'பெங்களூர்த் திட்டம்' என்றே வழங்குகிறது. பிரபு இதனை விளக்கி எழுதிய நூல் 1987இல் வெளிவந்தது.

அக்காலத்தில் தென்னிந்தியப் பள்ளிகளில் வழங்கிய பாடத்திட்டம் தொடரமைப்புகளை எளிமையிலிருந்து அருமைக்கு வரிசைப்படுத்திப் பயிற்றுவது. பிரபு அவ்வரிசையை விலக்கினார். கற்பவரின் மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே இலக்கணம் உள்ளத்தில் படிகிறது என்பது அவர் கொண்ட கருதுகோள். எனவே பாடம் தொடர்களின் பட்டியலாக இல்லாமல் விடுவிக்க வேண்டிய சிக்கல்களின் பட்டியலாக அமைந்தது. புகைவண்டிக் கால அட்டவணை, நிலப்படம், நாட்காட்டி, வகுப்பு நேரப் பட்டியல் ஆகியவை அச்சிக்கல்களுக்குப் பொருளாயின. எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் குறுக்கெழுத்து வடிவக் கட்டங்களில் சொன்னவாறு இடுதலும் அவற்றுள் ஒன்று. ஆசிரியர் முதலில் ஒரு சிக்கலை வகுப்போடு சேர்ந்து விடுவிப்பார். பின்னர் அதனை ஒத்த மற்றொன்றை மாணவர் தாமே விடுவிப்பர்.

கட்டமும் எழுத்தும் இங்கும் உள்ளன. ஆனால் விடை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. தரப்பட்ட செய்தியிலிருந்து ஆராய்ந்து பெறும் விடையையே பிரபு பெரிதும் விரும்பினார். ஒரு மாணவனின் விடை தவறு என்றால், அது ஏன் தவறு என்பதை அதே செய்தியைக் கொண்டு வகுப்பின் முன் காட்ட முடியும். அவ்வாறு காட்டும் உரையாடலே மொழிப்பயிற்சி. 1985இல் பெரெட்டா, டேவிஸ் ஆகியோர் வெளியிட்ட மதிப்பீடு, தொடரமைப்புத் தேர்வில் பழைய முறை வகுப்புகளும், சூழலோடு பொருந்திய இலக்கணம், கேட்டெழுதுதல், கேட்டும் படித்தும் உணர்தல் ஆகிய தேர்வுகளில் திட்ட வகுப்புகளும் மேம்பட்டிருந்தமையைக் காட்டியது. திட்டத்தின் கருதுகோளுக்கு ஓரளவு ஆதரவு எனவே அதனைக் கொள்ள வேண்டும்.

பயிற்சி நூலின் பின்பக்கத்தில் அச்சிடப்படும் விடைப் பட்டியலை இந்நோக்கில் காண வேண்டும். ஓ, டபிள்யூ, என் என்னும் எழுத்துகளை முறைப்படுத்துக என்று கேட்டு, 'நவ்' என்னும் ஒன்றையே விடையாகத் தந்திருப்பின், 'ஓன்' என எழுதிய சிறுமிக்கு மதிப்பெண் கிடைக்காது. அவள் எழுதியது ஆங்கிலத்தில் சரியான சொல். எனினும் விடைப் பட்டியலில் அது இல்லை. அந்நிலையில் அப்பட்டியல் வார இதழ்ப் போட்டியின் முத்திரையிட்ட உறைக்கு ஒப்பாகிவிடுகிறது. வீட்டில் ஆங்கிலம் வழங்காத சிறுமிக்குத் தன் விடையை நிலைநாட்டும் வழியும் இல்லை. தன் மொழியறிவு தவறென்று அவள் நம்பிவிடுவாள். நீதிமன்றத்தில் பணத்தைப் பற்றி எழுந்த வினா, இங்கே கற்பவரின் தன்னம்பிக்கையைப் பற்றியதாகிறது.

7. மொழிபெயர்ப்பாளர் நிலை

எழுத்தடுக்குப் புதிரை மொழிபெயர்க்க இயலாது. மறுபடியும் அமைக்கவே இயலும். 'ஓன், வன், நவ்' என்பவற்றின் பொருளைத் தமிழில் தந்தால் புதிர் மறைந்துவிடும். ஒலிபெயர்த்தாலோ அடுக்கு மறைந்துவிடும். எனவே மூலப் புதிர் எதனைச் சோதிக்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் துணிய வேண்டும். ஓரெழுத்து இடத்துக்கேற்ப வேறொலி பெறுவதைக் காட்டுவதே நோக்கமாயின், 'நகரம், நரகம்' என்னும் இணை ஒருவாறு ஈடாகும். ககரம் இரண்டிடத்தும் எவ்வாறு ஒலிக்கிறது என்ற வினாவை அது எழுப்பக்கூடும். கன்னடத்தில் பெயர்ப்பவர்க்கு இவ்விணை உதவாது; அவர் வேறொன்றைத் தேட வேண்டும்.

சட்ட வரையறையைத் தமிழில் பெயர்ப்பவர்க்கும் இடர்ப்பாடு உண்டு. தமிழ் மரபில் 'எழுத்து' என்பது ஒலியையும் வரிவடிவையும் ஒருங்கே குறிக்கும். உயிர்மெய்யையும் ஓரெழுத்தாகவே எண்ணும். ஆங்கில மூலத்தின் 'லெட்டர்' அத்துணை விரிந்ததன்று. கட்டியமைத்தல் முதலாகிய நான்கு தொழிற்பெயர்களும் ஆங்கில எழுத்து முறையை மனத்திற்கொண்டு எழுந்தவை. தமிழில் ஓர் உயிர்மெய்யைப் பிரித்து மெய்யையும் உயிரையும் வேறிடங்களில் வைத்தல் 'இடமாற்றம்' ஆகுமா என்பதற்கு அவ்வரையறையில் விடை இல்லை.

8. முடிவுரை

பெங்களூரில் நடந்த குறுக்கெழுத்துப் போட்டியும், அதே நகரில் இருபதாண்டுகளுக்குப் பின் தொடங்கிய கற்பித்தல் திட்டமும் ஒன்றையொன்று அறியாதவை. எனினும் இரண்டும் ஒரே வினாவைச் சந்தித்தன. விடையை ஆராய்ந்து பெற முடியுமா, அதன் சரிமையைப் பிறர்க்குக் காட்ட முடியுமா என்பதே அவ்வினா. ஆங்கிலத் தொடக்கக் கல்விக்கான புதிர் நூல்களைத் தொகுப்போரும் பெயர்ப்போரும் இதிலிருந்து மூன்று நெறிகளைக் கொள்ளலாம். முதலாவது, புதிரின் அலகு எழுத்தா, அட்சரமா, விகுதியா என்பதை முன்னரே தெளிவுபடுத்தல். இரண்டாவது, தரப்பட்ட எழுத்துகளால் அமையும் சொற்கள் அனைத்தையும் விடைப் பட்டியலில் சேர்த்தல். ஒன்றே வேண்டுமாயின் ஏனையவற்றை விலக்கும் குறிப்பையும் புதிரிலேயே தருதல். மூன்றாவது, விடையைக் கண்டவர் அதனைக் கண்ட வழியை எடுத்துரைக்க இடமளித்தல். இம்மூன்றும் பேணப்படின், பட்டியலில் இல்லாத சொல்லை எழுதிய மாணவரும் அகராதியைத் திறந்து தம் விடையை ஆசிரியரிடம் காட்டலாம்.